மாருதி 800 கார்ப்ரேட்டர்: செல்ஃப் நல்லா சுத்துது, வண்டி மட்டும் புடிக்கவே மாட்டேங்குது

குடந்தை800:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி மாருதி 800, 1994 மாடல், பெட்ரோலையும் காத்தையும் கலந்து குடுக்குற கார்ப்ரேட்டர் உள்ள வண்டி. ஐப்பசி மழை ஆரம்பிச்சதுலேர்ந்து ஷெட்லயே நின்னுடுச்சு, தெருவுல தண்ணி நின்னதால யாரும் எடுக்கல, இப்போ தை மாசம் குலதெய்வம் கோயிலுக்கு போகணும், எடுக்கலாம்னு பாத்தா செல்ஃப் நல்லா வேகமா சுத்துது, சத்தமும் எப்பவும் போலதான் இருக்கு, ஆனா இன்ஜின் புடிக்க மாட்டேங்குது. சோக் இழுத்துப் பாத்தாச்சு, இழுக்காமலும் பாத்தாச்சு.

பக்கத்துல இருக்குற மெக்கானிக் வந்து பாத்தாரு. பேட்டரி வீக்குனு சொன்னாரு, புதுசு போட்டாச்சு. மூணு பிளக்கும் புதுசு. கார்ப்ரேட்டர கழட்டி க்ளீன் பண்ணி மாட்டுனாரு. பெட்ரோல் ஹோஸ கழட்டி செல்ஃப் அடிச்சோம், நல்லாவே பீச்சுது. கரண்ட் வருதானும் பிளக்க கழட்டி இன்ஜின் மேல வச்சு காட்டுனாரு, நானே கண்ணால பாத்தேன், பொறி வந்துச்சு. இப்போ கார்ப்ரேட்டர் புதுசு மாத்தணும், அதுக்கும் சரியாகலனா கரண்ட ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிச்சு விடுற டிஸ்ட்ரிபியூட்டர செட்டோட மாத்தணும்னு சொல்றாரு. ரெண்டும் சேந்தா நல்ல செலவு. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், இது அப்பா ஓட்டுன வண்டி, ஒண்ணொண்ணா மாத்தி மாத்தி இதுல பழசுனு எதுவுமே இல்லாம போயிடுமோன்னு இருக்கு.

இன்னொண்ணு, இதுக்கு சம்பந்தம் இருக்கா இல்லையானு தெரியல. செல்ஃப் அடிச்சுட்டு சாவிய விடுறோம்ல, அந்த நேரத்துல சில சமயம் ஒரே ஒரு தடவ டப்புனு உதறிட்டு அடங்கிடுது. அடிக்கிற வரைக்கும் ஒண்ணுமே இருக்காது. எங்கேர்ந்து பாக்க ஆரம்பிக்கலாம், கொஞ்சம் சொல்லுங்க.

நெல்லை ரைடர்:

அண்ணே, முதல்ல அந்த டேங்க்ல கெடக்குற பெட்ரோல நம்பாதீங்க. இப்போ பெட்ரோல் பங்க்ல ஊத்துறது இ20, அதாவது நூத்துக்கு இருவது பங்கு எத்தனால். எத்தனால் காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், மழ காலத்துல டேங்க் பாதி காலியா நின்னா உள்ள இருக்குற காத்துலேர்ந்தே ஈரம் சேரும். ஒரு அளவுக்கு மேல தண்ணி சேந்தா தண்ணியும் எத்தனாலும் ஒண்ணா பிரிஞ்சு அடியில போய் நின்னுடும், பைப்பு உறிஞ்சுறதும் அந்த அடியிலேர்ந்துதான். ஹோஸ்ல பீச்சுதுன்னா எதுவோ ஒண்ணு வருதுன்னுதான் அர்த்தம், அது பெட்ரோலா தண்ணியானு கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் புடிச்சு ஆடாம வச்சுப் பாருங்க. ரெண்டு அடுக்கா பிரிஞ்சு நின்னா டேங்க இறக்கி கழுவணும்.

டேங்க இறக்காமலே சோதிக்கணும்னா பம்புக்கு வர்ற ஹோஸ கழட்டி, புது பெட்ரோல் இருக்குற சின்ன கேன்ல ஒரு ஹோஸ் போட்டு பம்புல மாட்டி அடிச்சுப் பாருங்க. அதுல புடிச்சா கோளாறு டேங்க்ல. ஹோஸெல்லாம் எப்போ மாத்துனீங்க? பழைய ரப்பர் எத்தனாலுக்கு ஊறி உள்பக்கம் உரிஞ்சு வரும், வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாது. மெக்கானிக்கல் பம்புக்குள்ள இருக்குற ரப்பர் சவ்வு, டயஃப்ரம்னு சொல்றது, அதுக்கும் அதே கதிதான்.

கோவை கேரேஜ்:

ஏனுங்க, புது கார்ப்ரேட்டர் வாங்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் நில்லுங்க. பெட்ரோல் இன்ஜின் புடிக்கோணும்னா பெட்ரோலும் காத்தும் சரியான கலவைல வரோணும், உள்ள அழுத்தம், அதாவது கம்ப்ரஷன், இருக்கோணும், பொறி சரியான நேரத்துல விழோணும், அவ்வளவுதானுங்க. இதுல எது இல்லைனு கண்டுபுடிக்காம பார்ட்ஸ் மாத்தறது உங்க காச மெக்கானிக் கடைல கொட்டறது மாதிரி.

இப்ப பாருங்க, நல்லா செல்ஃப் அடிச்ச உடனே ஒரு பிளக்க கழட்டுங்க. நுனி பெட்ரோல்ல நனைஞ்சு இருக்கா, காஞ்சு கிடக்கா? காஞ்சு கிடந்தா பெட்ரோல் உள்ள போகல, கார்ப்ரேட்டர் பக்கம் பாருங்க. நனைஞ்சு சொட்டுதுன்னா பெட்ரோல் போகுது, பத்தறது தான் இல்லை, அப்ப கார்ப்ரேட்டர் மேல பழி போடறதுல அர்த்தமே இல்லைங்க. இந்த ஒரு சோதனைல பாதி வேலை முடிஞ்சுரும், ஒருத்தரும் செய்ய மாட்டேங்கறாங்க, அதுதான் எனக்கு வருத்தம்.

கார்ப்ரேட்டர்ல பெட்ரோல் இருக்கானு பாக்க ஏர் ஃபில்டர் மூடிய திறந்து, இன்ஜின் ஓடாம இருக்கறப்ப, கையால ஆக்சிலரேட்டர் லிவர இழுத்து உள்ள எட்டிப் பாருங்க, ஒரு சின்ன துவாரத்துலேர்ந்து பெட்ரோல் கோடா பீச்சோணும். அப்புறம் சாவிய ஆன்ல வைக்கறப்ப கார்ப்ரேட்டர் பக்கம் டிக்குனு ஒரு சத்தம் வரோணும், அது ஃப்யூவல் கட் சோலனாய்டு, சாவி ஆஃப்ல இருக்கறப்ப பெட்ரோல நிறுத்தற கரண்ட் வால்வுங்க. இதெல்லாம் பாக்கறப்ப பக்கத்துல யாரும் பீடி சிகரெட் பத்த வைக்கக் கூடாது. கார்ப்ரேட்டர் வாயில பெட்ரோல் ஊத்திக்கிட்டே செல்ஃப் அடிக்கற வேலையும் வேண்டாமுங்க, பேக்ஃபயர் ஆச்சுன்னா மூஞ்சில தீ அடிக்கும்.

வால்வ திறந்து மூடற கேம் ஷாஃப்ட்ட சுத்த வைக்கற டைமிங் பெல்ட்டும் ஒரு சந்தேகம். அதுக்கு இன்ஜின பிரிக்க வேண்டியதில்லை, இந்த இன்ஜின்ல டிஸ்ட்ரிபியூட்டர் கேம் ஷாஃப்ட்லேர்ந்து தான் சுத்துது, பெட்ரோல் பம்பும் அதே கேம்ல தான் வேலை செய்யுது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிய கழட்டிட்டு ஒருத்தர் செல்ஃப் அடிக்க, இன்னொருத்தர் உள்ள இருக்கற ரோட்டர் சுத்துதானு பாத்தா போதும். உங்களுக்கு பெட்ரோல் பீச்சுதுன்னு சொல்றீங்க, அதனால பெல்ட் அறுந்திருக்க வாய்ப்பில்லை, பல்லு தாண்டியிருந்தா மட்டும் தான். பல்லு தாண்டியிருந்தா செல்ஃப் சத்தமே மாறும், கம்ப்ரஷன் இல்லாம வழுக்கற மாதிரி சுத்தும். உங்களுக்கு சத்தம் எப்பவும் போலன்னு சொல்றதால அது கடைசில பாத்துக்கலாம்.

பிளக் மாத்துனாரில்லைங்களா, ஒயர் மூணும் சரியா மாட்டுனாரானு பாருங்க. பொறி விழற வரிசை, அதாவது ஃபயரிங் ஆர்டர், 1-3-2. ரெண்டு ஒயர் இடம் மாறுனாலும் புடிக்காது, இருமும், சைலன்சர்ல வெடிக்கும்.

யாழ் மைனர்:

நான் யாழ்ப்பாணத்திலையிருந்து எழுதிறன். எங்களிட்ட மொறிஸ் மைனர் கார் ஒண்டு நிக்குது, இஞ்சை பழைய ஒஸ்ரினும் மொறிசும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கு, அதாலை உங்கட பிரச்சினை எங்களுக்கும் பழக்கம்தான். கன நாள் ஓடாமல் நிண்ட கார் எண்டால் நான் முதல்லை திறக்கிறது டிஸ்ரிபியூட்டர் மூடியைத்தான். மாரி காலத்திலை மூடிக்குள்ளை ஈரம் பிடிக்கும், ஈரம் இருந்தால் பொறி பிளக்குக்குப் போகாமல் மூடிக்குள்ளையே ஓடிப்போயிடும். காஞ்ச துணியாலை துடைச்சு வெயில்லை வையுங்கோ. உள்ளை மயிர் மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு தெரிஞ்சால் அது வெடிப்பு, மூடி மாத்தத்தான் வேணும்.

பொயின்ற், அதாவது டிஸ்ரிபியூட்டருக்குள்ளை கரண்டை விட்டு விட்டு அறுக்கிற தொடுமுனை, இருக்கிற கார் எண்டால் பொயின்ற் முகத்திலை படலம் பிடிச்சிருக்கும், ஒரு தடிச்ச வெள்ளைக் கடதாசியை இடையிலை விட்டு இழுத்தாலே கன நேரம் சரிவரும். மைனருக்கு பொயின்ற் இடைவெளி 15 தௌ, அதாவது அங்குலத்தின்ரை ஆயிரத்திலை 15 பங்கு. கொண்டென்சர் பழுதெண்டால் பொறி மஞ்சளா, பெலமில்லாமல் வரும், பொயின்றும் கெதியிலை எரிஞ்சு போகும்.

ஒயரிங் வாத்தியார்:

தம்பி, நீங்க சம்பந்தம் இருக்கானு தெரியலனு கடைசில எழுதுனீங்களே ஒரு வரி, எனக்கு அதுதான் முக்கியமா தெரியுது. அடிக்கிற வரைக்கும் ஒண்ணுமில்ல, சாவிய விடும்போது ஒரு தடவ டப்புனு உதறுது. இத வச்சே நான் சொல்றேன், பெட்ரோல் உள்ள போயிருக்கு, கம்ப்ரஷன் இருக்கு, இல்லனா அந்த ஒரு உதறலும் வராது. செல்ஃப் சுத்துற நேரத்துல மட்டும் பொறி இல்ல, சாவி திரும்ப ஆன் நிலைக்கு வந்ததும் பொறி வருது. மேல சொன்ன மூணு பேரும் சொன்னது நல்ல விஷயம்தான், எல்லாம் பாக்க வேண்டியதுதான், ஆனா உங்க வண்டிக்கு நான் சாவி ஸ்விட்ச்சுலேர்ந்துதான் ஆரம்பிப்பேன்.

விஷயம் இதுதான். பொறிக்கு வேண்டிய பெரிய வோல்டேஜ உண்டாக்குற இக்னிஷன் காயில்ல கரண்ட் ஓடிக்கிட்டு இருக்கும்போது அத திடீர்னு அறுத்தாதான் பிளக் பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பும், அறுக்குற வேல பாய்ன்ட்டோட வேல, புது வண்டில இக்னைட்டர்ங்குற எலக்ட்ரானிக் பாகத்தோட வேல. காயிலுக்கே கரண்ட் வரலனா அறுக்குறதுக்கு ஒண்ணுமில்ல. சாவில ஆன்னு ஒரு நிலை, ஸ்டார்ட்னு ஒரு நிலை. ரெண்டு நிலையிலயும் காயிலுக்கு கரண்ட் போகணும். ஸ்விட்ச்சுக்கு பின்னாடி இருக்குற கான்டாக்ட் தகடு தேஞ்சோ கருகியோ போனா ஆன்ல கரண்ட் தரும், ஸ்டார்ட்டுக்கு திருப்புனதும் செல்ஃபுக்கு மட்டும் தந்துட்டு காயில விட்டுடும். நீங்க சாவிய விட்டதும் ஸ்விட்ச் ஆனுக்கு வருது, காயில் உயிர் பெறுது, இன்ஜின் நிக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் சுத்திட்டு இருக்கும்ல, அந்த சுத்துல ஒரு பொறி விழுது, உள்ள சேந்து கெடக்குற பெட்ரோல் பத்திக்குது. அதுதான் உங்க டப்.

மெக்கானிக் காட்டுன பொறியும் அப்படித்தான் இருக்கும்னு நெனைக்கிறேன். செல்ஃப சின்னதா ஒரு தட்டு தட்டிட்டு விட்டிருப்பாரு, விட்ட நேரத்துல அடிச்ச ஒத்தப் பொறிய பாத்துட்டு கரண்ட் இருக்குனு முடிவு பண்ணியிருப்பாரு. கண்ணால பாத்தது பொய் இல்ல, ஆனா எப்போ அடிச்சுதுனு பாக்கணும். செல்ஃப் சுத்துற நேரம் முழுக்க டிக் டிக் டிக்குனு விடாம அடிக்கணும்.

இப்போ காசு செலவில்லாம செய்ய வேண்டியது. ரெண்டு பேர கூப்பிட்டு, சாவிய ஆன்ல வச்சு, ரெண்டாவது கியர்ல வண்டிய தள்ளி கிளட்ச விடுங்க. தள்ளுனா புடிக்குது, செல்ஃப்ல புடிக்கலனா என் சந்தேகம் பாதி உறுதி. பாதினு ஏன் சொல்றேன்னா, பேட்டரி வோல்டேஜ் செல்ஃப் இழுக்கும்போது ரொம்ப எறங்குனாலும் இதே மாதிரிதான் நடக்கும், காயிலுக்கு வேண்டிய தெம்பு இருக்காது. உங்களுக்கு புது பேட்டரி, இருந்தாலும் டெர்மினல் லூஸா, பாடி எர்த் ஒயர் துருப்புடிச்சு இருக்கானு பாத்துக்கோங்க.

மிச்ச பாதிக்கு மல்ட்டிமீட்டர் வேணும், இல்லனா ஒரு 12 வோல்ட் பல்பு ரெண்டு ஒயரோட போதும். காயில்ல ப்ளஸ் முனைக்கும் பாடி எர்த்துக்கும் நடுவுல பல்ப மாட்டுங்க. சாவி ஆன்ல எரியணும். அப்புறம் ஒருத்தர செல்ஃப் அடிக்கச் சொல்லி பல்பயே பாருங்க. கொஞ்சம் மங்குனா பரவாயில்ல, செல்ஃப் இழுக்கும்போது மங்கத்தான் செய்யும். சுத்தமா அணைஞ்சு, சாவிய விட்டதும் திரும்ப எரிஞ்சா வேற எங்கயும் தேட வேண்டாம். மீட்டர்னா முதல்ல பேட்டரி முனையிலயே செல்ஃப் அடிக்கும்போது எவ்ளோனு பாருங்க, 9.6க்கு கீழ போனா பேட்டரியோ செல்ஃப் மோட்டாரோ சரியில்ல. அடுத்து அதே மாதிரி காயில் ப்ளஸ்ல பாருங்க, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். சில வண்டில காயிலுக்கு முன்னாடி ஒரு ரெசிஸ்டர் இருக்கும், அதுல சாவி ஆன்ல இருக்கும்போது பாய்ன்ட் மூடியிருந்தா 12க்கு பதிலா ரொம்ப கம்மியாத்தான் காட்டும், அது கோளாறு இல்ல. அந்த ரெசிஸ்டர் வண்டில செல்ஃப் அடிக்கும்போது ரெசிஸ்டர தாண்டி நேரா காயிலுக்கு ஒரு ஒயர் வரும், அந்த ஒயர் அறுந்தாலும் உங்களோட அறிகுறிதான் வரும். இதுக்கு நேர் எதிரா, செல்ஃப்ல புடிச்சு சாவிய விட்டதும் அணைஞ்சுதுன்னா ரெசிஸ்டர் எரிஞ்சிருக்குனு வச்சுக்கலாம்.

ஒருவேள ப்ளஸ்ல பல்பு அணையாம எரிஞ்சுக்கிட்டே இருந்தா நான் சொன்னது இல்ல, அப்போ பல்ப காயில் மைனஸுக்கு மாத்தி செல்ஃப் அடிங்க. விட்டு விட்டு மினுக்குனா பாய்ன்ட் அறுக்குது, கோளாறு காயில், ரோட்டர், மூடி, ஒயர் பக்கம். மினுக்கலனா பாய்ன்ட் பக்கம், யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னத செய்ங்க.

பிளக்க சோதிக்கும்போது கையில புடிக்காதீங்க, அதோட இரும்பு உடம்பு இன்ஜின்ல நல்லா ஒட்டியிருக்கணும். எர்த் இல்லாம ஒயர அந்தரத்துல விட்டு அடிச்சா காயில் உள்ளயே பொறி பாஞ்சு கெட்டுடும். பிளக் ஓட்டை திறந்து இருந்தா அதுலேர்ந்து பெட்ரோல் ஆவி வரும், அதனால பிளக்க அந்த ஓட்டைக்கு தள்ளி வையுங்க.

குடந்தை800:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னிக்கு காலையில பக்கத்து வீட்டு பசங்கள கூப்பிட்டு எல்லாத்தையும் செஞ்சுட்டோம்.

முதல்ல பிளக், கோவை அண்ணன் சொன்ன மாதிரி கழட்டிப் பாத்தா மூணுமே நல்லா நனைஞ்சு இருந்துச்சு, பெட்ரோல் வாசன தூக்குச்சு. காய வச்சு மாட்டுனோம். பாட்டில்ல புடிச்ச பெட்ரோல் பிரியல, ஒரே நிறமா இருக்கு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி உள்ள லேசா ஈரம் இருந்துச்சு, துடைச்சு வெயில்ல வச்சுட்டேன், பாய்ன்ட் வண்டிதான், பேப்பர் விட்டு இழுத்தா கருப்பா வந்துச்சு. இதெல்லாம் பண்ணியும் செல்ஃப்ல புடிக்கல.

அப்புறம் தள்ளுனோம். வாத்தியார் சார், தெரு முனை வரைக்கும் கூட போகல, கிளட்ச விட்டதும் புடிச்சுடுச்சு! நல்லா ஓடுது, ஐடில் கூட நிக்குது. ஆஃப் பண்ணிட்டு திரும்ப செல்ஃப் அடிச்சா பழைய கதைதான். மீட்டர் கடன் வாங்கிப் பாத்தோம். பேட்டரில செல்ஃப் அடிக்கும்போது 10.4. காயில் ப்ளஸ்ல சாவி ஆன்ல 12க்கு மேல, செல்ஃப் அடிக்கும்போது பூஜ்யத்துக்கு பக்கத்துல போயிடுது, சாவிய விட்டதும் திரும்ப 12. மெக்கானிக்கையும் கூப்பிட்டு காட்டுனேன், அவரும் பொறுமையா நின்னு பாத்தாரு, சரிதான்னாரு.

இப்போ என்ன பண்ணணும்? முழு லாக் செட்டும் மாத்தணுமா? அப்படி மாத்துனா கதவுக்கு ஒரு சாவி ஸ்டார்ட் பண்ண ஒரு சாவின்னு ஆயிடுமே.

நெல்லை ரைடர்:

சூப்பர் வாத்தியாரே. அண்ணே, லாக் செட்டெல்லாம் எதுக்கு, ஒரு ரிலே, அதாவது சின்ன கரண்ட்ல பெரிய கரண்ட ஆன் பண்ற ஸ்விட்ச், போட்டு பேட்டரிலேர்ந்து நேரா காயிலுக்கு கரண்ட் குடுத்துடுங்க, ரிலேவ ஆன் பண்ற சின்ன கரண்ட், அந்த ட்ரிக்கர் மட்டும் சாவி ஆன் ஒயர்லேர்ந்து எடுங்க, ஸ்விட்ச்சுக்கு லோடு குறையும்.

ஒயரிங் வாத்தியார்:

நெல்லை தம்பி, லோடு குறையும்ங்குறது சரி, கான்டாக்ட்ல வோல்டேஜ் இறங்குற வண்டிக்கு ரிலே நல்ல வைத்தியம். ஆனா இந்த வண்டிக்கு அது உதவாது. ரிலேக்கு ட்ரிக்கர் வர்றதும் அதே ஆன் ஒயர்லேர்ந்துதான், ஸ்டார்ட் நிலையில அந்த ஒயரே செத்துப் போகுது, ரிலேயும் கூடவே விழுந்துடும். கோளாறு ஸ்விட்ச்சுக்குள்ள இருக்கும்போது அதுக்கு அப்புறம் என்ன மாட்டுனாலும் ஒண்ணுதான்.

குடந்தை தம்பி, முழு செட்டு வேண்டாம். ஸ்டியரிங் காலம்ல சாவி போடுற இரும்பு லாக் ஒரு பாகம், அதுக்குப் பின்னாடி ஒயர் எல்லாம் வந்து சேர்ற பிளாஸ்டிக் கான்டாக்ட் பாகம் தனி. அத மட்டும் மாத்துனா போதும், சாவி பழசே இருக்கும். பேட்டரி மைனஸ கழட்டிட்டு வேலைய ஆரம்பிங்க. 1983லேர்ந்து 2014 ஜனவரி வரைக்கும் செஞ்ச வண்டி இது, ஸ்பேர் பார்ட்ஸுக்கு பஞ்சம் கிடையாது, கடைக்கு பழைய பாகத்த கையில எடுத்துட்டுப் போய் பின் எண்ணிக்கையும் அமைப்பும் ஒத்துப் பாத்து வாங்குங்க.

அதுக்கு முன்னாடி உறுதி பண்ண ஒரே ஒரு சோதனை. பேட்டரி ப்ளஸ்லேர்ந்து நடுவுல ஃப்யூஸ் வச்ச ஒரு ஒயர காயில் ப்ளஸ்ல மாட்டிட்டு செல்ஃப் அடிங்க. கார்ப்ரேட்டர்ல இருக்குற ஃப்யூவல் கட் சோலனாய்டுக்கு உங்க வண்டில எந்த லைன்லேர்ந்து கரண்ட் வந்தாலும், இந்த ஒயர் மாட்டியிருக்கும்போது அதுக்கும் கரண்ட் போகுதானு ஒரு கண்ணு வச்சுக்கோங்க. செல்ஃப் அடிச்சதும் இன்ஜின் உடனே புடிக்கணும். கவனம், அந்த ஒயர் மாட்டியிருக்குற வரைக்கும் சாவிய ஆஃப் பண்ணாலும் இன்ஜின் நிக்காது, ஒயர கழட்டுனாதான் நிக்கும். சில கடையில இத அப்படியே நிரந்தரமா ஒரு ஸ்விட்ச் வச்சு விட்டுடுவாங்க, தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க. இன்ஜின் நின்ன நிலையில பாய்ன்ட் மூடி இருந்து கரண்ட் ஓடிக்கிட்டே இருந்தா காயில் கொதிச்சு எரிஞ்சுடும், பாய்ன்ட்டும் கருகிடும். ஒரு அவசரத்துல வண்டிய சாவியால நிறுத்த முடியாதுங்குறது அதைவிட ஆபத்து.

ஜீப்540:

குறுக்க வர்றேன்னு நெனைக்காதீங்க. என்னோடது மகிந்திரா எம்எம் 540, டீசல். இதே மாதிரி செல்ஃப் சுத்துது புடிக்கல. நீங்க சொன்ன சோதனை இதுக்கு பொருந்துமா?

கோவை கேரேஜ்:

பொருந்தாதுங்க, டீசல்ல பொறியே கிடையாது. அதுல முதல் கேள்வி டீசல் இன்ஜெக்டருக்கு வருதாங்கறது. செல்ஃப் சுத்தறப்ப சைலன்சர்ல வெள்ளப் புகை வருதானு பாருங்க. புகை வந்தா டீசல் உள்ள போகுது, எரியறதுக்கு சூடு பத்தல, ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன், செல்ஃப் வேகம் இது மூணும் பாருங்க. புகையே இல்லைனா டீசல் போகல, லைன்ல காத்து புகுந்து ஏர் லாக்கா இருக்கலாம், ஃபில்டர் மேல இருக்கற ஸ்க்ரூவ லூஸ் பண்ணி ப்ரைமர் பம்ப கையால அமுக்கி குமிழி நிக்கற வரைக்கும் ஏர் எடுங்க. அதுக்கும் வரலைன்னா பம்புல இருக்கற ஸ்டாப் சோலனாய்டுக்கு சாவி ஆன்ல 12 வோல்ட் வருதா, ஸ்டாப் கேபிள் வண்டின்னா கேபிள் முழுசா திரும்பி வந்துருக்கானு பாருங்க, பாதில மாட்டிக்கிட்டு நிக்கறது சகஜம். இன்ஜெக்டர் பைப்ப லூஸ் பண்றப்ப கைய அங்க வைக்காதீங்க, அந்த அழுத்தத்துல டீசல் தோல கிழிச்சு உள்ள போயிரும். தனியா ஒரு பதிவு போடுங்க, அங்க விவரமா பேசலாமுங்க.

குடந்தை800:

முடிஞ்சுது! வாத்தியார் சார் சொன்ன ஜம்பர் ஒயர் போட்டு அடிச்சதும் பாதி சுத்துலயே புடிச்சுடுச்சு, இத்தன நாள் அடம் புடிச்ச வண்டியானு இருந்துச்சு. அப்புறம் மெக்கானிக்கே ஸ்டியரிங் கவர கழட்டி கான்டாக்ட் பாகத்த எடுத்தாரு. திறந்து பாத்தா ஒரு தகடு தேஞ்சு ஓரத்துல கருகி இருக்கு, பழைய க்ரீஸ் கட்டி தட்டிப் போயிருக்கு. சாவியோட வீட்டு சாவி, கேட் சாவி, பீரோ சாவின்னு எல்லாம் ஒரே கொத்தா தொங்கும், அந்த கனமும் ஒரு காரணம்னு அவரு சொல்றாரு, இப்போ கார் சாவிய தனியா பிரிச்சுட்டேன். கடைத்தெருவுல ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலயே கான்டாக்ட் பாகம் மட்டும் கெடச்சுது, பழைய சாவியே ஓடுது. கார்ப்ரேட்டர் விலையோட பாத்தா இது ஒண்ணுமே இல்ல. பாய்ன்ட்டும் கண்டென்சரும் கூடவே புதுசு போட்டாச்சு, யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்ன மாதிரி மூடிய உள்ள பாத்தேன், வெடிப்பு இல்ல. நெல்லை ப்ரோ சொன்ன ஹோஸும் வளைச்சுப் பாத்தா வெடிச்சு வெடிச்சு வருது, மாத்தணும், எந்த ஹோஸ் வாங்குறதுனு சொல்லுங்க.

நெல்லை ரைடர்:

எத்தனால் தாங்குற ஃப்யூவல் ஹோஸ்னு கேட்டு வாங்குங்க அண்ணே, சாதாரண தண்ணி ஹோஸ மலிவுனு தலையில கட்டிடுவாங்க. டேங்க்லேர்ந்து வர்ற பக்கம், பம்புலேர்ந்து கார்ப்ரேட்டருக்கு போற பக்கம், திரும்பிப் போற பக்கம் எல்லாமே சேத்து மாத்துங்க, கிளிப்பும் புதுசு. ஒரு புது ஃப்யூவல் ஃபில்டரும் போட்டுருங்க.

ஒயரிங் வாத்தியார்:

சந்தோஷம் தம்பி. புது கான்டாக்ட் போட்ட பிறகு காயில் ப்ளஸ்ல செல்ஃப் அடிக்கும்போது எவ்ளோ காட்டுது, பாத்தீங்களா? ஒரு தடவ பாத்து எழுதி வையுங்க, பின்னாடி எப்பவாவது மக்கர் பண்ணா ஒப்பிட்டுப் பாக்க உதவும். பேட்டரில காட்டுறதுக்கும் இதுக்கும் ஒரு வோல்டுக்கு மேல வித்தியாசம் இருந்தா நடுவுல ஃப்யூஸ் பாக்ஸ், கப்ளர் எங்கயோ துரு இருக்குனு அர்த்தம்.

குடந்தை800:

பாத்தேன் சார். பேட்டரில 10.4, காயில்ல 10.1.